குமாரி அக்கா கழுவி வைத்த நகரம்

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு நகரம் அழிந்தது.

அஸ்டெக் நகரம். மெக்சிகோவில், ஏரி நடுவே இருந்ததாகச் சொல்வார்களே... அதன் தண்டையார்பேட்டைக் கிளை. ஒரு நீல பிளாஸ்டிக் டப்புக்குள் மண் பாத்தி, குச்சி வேலி, நடுவில் தெர்மாகோல் கோயில் என்று ஒரு வாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. மக்காச்சோளம்கூட முளைவிட்டிருந்தது. கட்டியது என் மகள் நிவேதா, ஆறாம் வகுப்பு. உடன் உழைத்தது நான் — அதாவது, அவள் வேலி கட்டும்போது குச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

அழித்தது யார்? அசல் நகரத்தை அழித்த ஸ்பெயின்காரர்கள் இல்லை. கீழ் வீட்டு குமாரி அக்கா. அதுவும் அன்பினால்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால், வீட்டில் இருப்பவர்கள் இல்லாதவர்களுக்கும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடுவார்கள். குடமோ, டிரம்மோ, பக்கெட்டோ... வாய் திறந்து வெளியே எது கிடந்தாலும் நிரம்பிவிடும். யாரும் கேட்டுச் செய்வதில்லை. யாரும் நன்றி சொல்வதுமில்லை. அன்று நாங்கள் யாரும் வீட்டில் இல்லை. லாரி வந்தது. அக்கா பார்த்தார் — வாசலில் நல்ல டப், உள்ளே சேறு. அப்படியே கொட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியும் வைத்துவிட்டார்.

நானும் நிவேதாவும் கேட்டுக்குள் நுழைந்ததும் பெருமையாகச் சொன்னார்: "டப்பு ஒரே கலீஜா கெடந்துச்சு தம்பி. எப்டி ஆக்கிகீறேன் பாரு."

பார்த்தோம். பளபளவென்று இருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம், வேறு சேறு கொட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

நிவேதா வீட்டில் வாயாடி. (யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஒரு டப்பைப் பற்றி நான் எவ்வளவு எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள்.) ஆனால் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட 'பிரசன்ட் மிஸ்' கிடையாது. கை மட்டும்தான் உயரும். நாங்களும் கெஞ்சிப் பார்த்தோம், சாக்லேட் காட்டினோம், 'ஏன் பேச மாட்டேன்கிறாய்' என்று விதவிதமாகக் கேட்டோம். பலன்? வீட்டிலும் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு சோஷியல் எடுப்பவர் ஜெசிந்தா மிஸ். பழைய அமெரிக்க நாகரிகங்களை நோட்ஸ் கொடுத்து முடித்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மிஸ் முடிக்கவில்லை. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மாயா எண்கள் — புள்ளியும் கோடும் போட்டே கூட்டல் கணக்கு. ஒரு குழுவுக்கு இன்கா — அவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுத்தான் கணக்கு வைத்தார்களாம். அதற்கு காசிமேட்டிலிருந்து வலை நூல் வந்தது. இன்னொரு குழுவுக்கு, கை கால் படாமல் இடுப்பால் மட்டுமே பந்தைத் தட்டும் பழைய மெக்சிகோ விளையாட்டு. நிவேதாவுக்கு அதை நான் வீட்டில் செய்து காட்டினேன். அதன்பின் சில நாள் என் இடுப்பு தெற்கே கல்மண்டபத்தைப் பார்த்தது, முகம் வடக்கே திருவொற்றியூரைப் பார்த்தது.

நிவேதா குழுவுக்குக் கிடைத்தது, அஸ்டெக் மக்களின் ஏரித் தோட்டம். வெள்ளிக்கிழமை குழுவுக்கு ஒருவர் எழுந்து பேச வேண்டும். 'நீ பேசுறியா' என்று மிஸ் இவளைக் கேட்டிருக்கிறார். இவள் தலையாட்டியிருக்கிறாள். டப் நம் வீட்டில்தானே இருக்கிறது, வகுப்புக்குக் கொண்டுபோய் அதைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம் என்ற தைரியம்.

அந்த டப்பில்தான் இப்போது குடிதண்ணீர்.

அவள் அழவில்லை. "நாளைக்கு நா ஸ்கூலுக்குப் போவலப்பா" என்றாள். சின்னக் குரல். பள்ளிக்கூடத்தில் மட்டும் இருக்கும் அந்தக் குரல் வீட்டுக்கே வந்துவிட்டது. எனக்கு பயமாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சும்மா இருந்தேனா? சேதத்தின் மதிப்பை அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். 'அக்கா, அதுக்குப் பேரு மிதக்கும் தோட்டம், ஏரி மேல மெத்தை மாதிரி மிதக்கும்...'

"மிதக்காதுப்பா" என்றாள் நிவேதா.

அக்கா என் பக்கமிருந்து அப்படியே திரும்பி உட்கார்ந்தார். "நீ சொல்லு கண்ணு. உங்கப்பன் சொன்னா ஒண்ணியும் வெளங்கல. எப்டி கட்னாங்கோ? நீ சொன்னாதானே நான் கட்ட முடியும்?"

நிவேதா சொன்னாள். முதலில் ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு வாக்கியம். ஆழமில்லாத தண்ணீரில் கழி நட வேண்டும். கழிகளுக்கு நடுவே வேலி பின்ன வேண்டும். உள்ளே இலை தழை, மேலே ஏரிச் சேறு, மறுபடி தழை, மறுபடி சேறு. மூலையில் மரம் வைத்தால் வேர் பிடித்து மண்ணை விடாது. அக்கா முருங்கை மரத்தடியில் கொட்டியிருந்த சேற்றை முறத்தில் அள்ளி வந்தார். தண்ணீர் வீணாகாமல் குடங்களுக்கு மாறியது. மாடி வீட்டு சேகர் கன்டெய்னர் யார்டு வேலை முடிந்து வந்தவர், இன்னா கூத்து இது என்று நின்றார். அவருக்கு முதலிலிருந்து மறுபடி ஒரு விளக்கம். என் மனைவி ஆபீஸிலிருந்து வந்தாள். அவளுக்கு ஒரு முறை. குச்சியைச் சாய்த்து நட்டதற்காக சேகருக்குத் திட்டு.

சோள முளைகள்தான் நசுங்கிப்போயிருந்தன. அக்கா போய் வேரோடு ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கிவந்து பாத்தியில் நட்டார். நட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் கண்ணு, சுத்தி தண்ணி கீதே... அதையேவா குடிச்சாங்கோ?"

இவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். மிஸ் கொடுத்திருந்த தாளை எடுத்து வந்து தேடினாள். அந்தப் பெரிய ஏரியில் பெரும்பகுதி உப்பாம். குடிக்கிற தண்ணீர் தூரத்து மலை ஊற்றிலிருந்து கால்வாயில் வந்ததாம்.

"அப்போ நம்ம ஜனம்தான்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை டப்பைத் தூக்கிவரும் கூலியாள் என்ற தகுதியில் எனக்கு வகுப்பறைக்குள் அனுமதி கிடைத்தது. நிவேதா எழுந்தாள். சின்னக் குரல்தான். டப்பைப் பார்த்தே பேசினாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "சோளம்னு சொல்றே, கொத்தமல்லி மாதிரி கீது?"

வகுப்பே சிரித்தது. முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சோளம்தான் போட்டோம். எங்க குமாரி அக்கா கழுவிட்டாங்க" என்றாள் நிவேதா. மறுபடி சிரிப்பு. இந்த முறை அவளும் சிரித்தாள். தலையை நிமிர்த்தினாள். லாரி வந்தது, நார் போட்டுத் தேய்த்தது, முறத்தில் சேறு அள்ளியது எல்லாம் வந்தது. பிறகு சொன்னாள்: "ஏரி நடுவுல வூடு. ஆனா குடிக்கத் தண்ணி இல்ல. உப்பு. மலைலேர்ந்து எட்த்துகினு வரணும். நம்மளுக்கு லாரி, அவங்களுக்கு கால்வா."

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கரும்பலகையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் — ஏன் பேச மாட்டேன்கிறாய் என்று. அக்கா அதைக் கேட்கவே இல்லை. எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டார். தனக்குத் தெரியாததால் கேட்டார். பதில் வந்தால்தான் அவருக்கு வேலை நடக்கும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. பதிலை முன்பே வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் என் போன்ற புத்திசாலிகளைத்தான் அவர்கள் கை தூக்கிச் சமாளித்துவிடுகிறார்கள்.

மிஸ்ஸுக்கு நன்றி சொன்னேன். நான் ஒன்றும் செய்யவில்லை சார், டப் கொண்டுவரச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார். அக்காவுக்கும் சொன்னேன். கொட்டினவளுக்குப் போய் நன்றியா, போ தம்பி என்று விரட்டிவிட்டார். அதனால் இருவருக்கும் இங்கே, அச்சில், மறுக்க முடியாதபடி சொல்லிக்கொள்கிறேன் — நன்றி.

அன்று நிவேதா மணி அடிக்கும் வரை நிறுத்தவில்லை. வெளியே வந்ததும் இன்கா குழுவின் தலைவி, கை நிறைய முடிச்சுப் போட்ட வலை நூலோடு, நேராக என்னிடம் வந்தாள். "அங்கிள், எங்க டர்னே போச்சு. உங்க பொண்ணு எங்களைப் பேசவே வுடல."

சாரிம்மா என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.