என் கொழுப்பில் இருக்கும் பசி

ஊரில் போர் முடிந்த அந்த ஆண்டில் நான் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஒரு மஃபின் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் பிடித்துப் போக வேண்டும். முப்பத்தைந்து வயது, தொண்ணூற்றாறு கிலோ. "நீ உந்த மணத்திலையே உடம்பு வைக்கிறாய்" என்று கூட வேலை செய்த பெண்கள் பகிடி பண்ணுவார்கள். குடும்ப வைத்தியர் பகிடி பண்ணமாட்டார். குறைத்துச் சாப்பிடு, நட என்பார். அவர் சொன்னதைவிடக் குறைத்துத்தான் சாப்பிட்டேன். என் உடம்பைப் பார்த்துவிட்டு அதை நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்து, அதை எடுக்க மாசி மாதம் நாள் கொடுத்தார்கள். அதற்கு முன் பரிசோதனைக்குப் போனபோது ஒரு பெண் படிவத்தோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, படித்துக்கொண்டே அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஒப்பரேஷன் நேரம் என் வயிற்றுக் கொழுப்பில் ஒரு கடலையளவு எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"கிலோ கணக்கிலை எடுங்கோ பிள்ளை" என்றேன்.

அவள் சிரித்தாள். என்னை அன்ரி என்றாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், "அன்ரின்ரை அம்மா ப்ரெக்னன்ற்றா இருக்கேக்கை வீட்டிலை சாப்பாட்டுக்குக் கஷ்டம் இருந்ததோ?" என்று கேட்டாள்.

"உம்முடைய அம்மா எந்த ஊர்?" என்று கேட்டேன். அவள் சொன்னது எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கூப்பன் அரிசி வாங்க இரண்டு ஊருக்கும் ஒரே சங்கக்கடை.

"சீச்சீ, எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை" என்றேன். அவள் 'இல்லை' என்ற பெட்டியில் சரி போட்டாள்.

ஒரு வெள்ளைக்காரி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னால்? நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது நாடு முழுக்கப் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றது. அப்பாவுக்குக் கூலி வேலை, அதுவும் கிடைத்தால்தான். மரவள்ளிக்கிழங்கும் தேத்தண்ணியுமாகத்தான் அம்மா என்னைச் சுமந்தாள். பின்னாளிலும் சமைக்காத நாட்களில் அம்மா வெறும் கோப்பைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கழுவுவாள். யார் கேட்டாலும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். எனக்கும் தங்கைக்கும் நடை பழகும்போதே பழக்கிய சொல் அது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் மானம் மட்டும் பறக்கவே இல்லை.

"ஏன் பிள்ளை இதெல்லாம் கேக்கிறியள்?" என்றேன்.

"எபிஜெனெற்றிக்ஸ் எண்டு சொல்லுறது அன்ரி. ஜீன் மாறாது. ஆனா அதுக்கு மேலை சின்னச் சின்ன மார்க் இருக்கு. எந்த ஜீன் ஓன், எது ஓஃப் எண்டு அதுதான் டிசைட் பண்ணும். பேபி வயித்துக்குள்ளை பட்டினி கிடந்தா அந்த மார்க் மாறலாம், ஃபற் செல்லிலையும். பிறகு பெரிசா வளந்து நல்லாச் சாப்பாடு கிடைச்சாலும் அந்த செல் பயந்து பயந்து சேர்த்து வைக்கும். ஷுவர் எண்டு சொல்லேலாது. அதைத்தான் தேடுறம்."

அவள் என்னைப் பற்றித்தான் பேசினாள். எனக்கு என் நினைவே வரவில்லை. என் தங்கை அப்போது போர் நடந்த வன்னியில் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளும் கணவனும் ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்து கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டிருந்தார்கள். எப்போதாவது யாருடையதோ போன் கிடைத்து, வரிசையில் நின்று இரண்டு நிமிடம் பேசுவாள். நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன், "சாப்பிட்டியோடி?"

"ஓமக்கா, சாப்பிட்டாச்சு."

நான் நம்பினேன். அதே அம்மாவிடம் அதே பொய்யைப் பழகியவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். நம்பினால் அன்றைய சோறு எனக்கு இறங்கும், அதனால் நம்பினேன்.

"பிறக்கப்போற பிள்ளைக்கு அப்பிடி வராமல் இருக்க என்ன செய்யலாம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அம்மாக்கு நல்லாச் சாப்பாடு குடுக்கவேணும் அன்ரி" என்றாள். அவளுக்கு அது சின்ன விஷயம்.

ஒப்பரேஷன் முடிந்தது. கல்லையும் எடுத்தார்கள், கடலையளவு கொழுப்பையும் எடுத்தார்கள். தங்கையிடம் இருந்து பங்குனியில் ஒரு முறை போன் வந்தது. இந்த முறை உண்மையைக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் லைன் வெட்டுப்பட்டது. அதன் பிறகு போனே இல்லை.

இங்கிருந்த எங்கள் சனம் எல்லாம் நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்று கத்தியது. நானும் வயிற்றுத் தையலோடு போய் நின்றேன். மத்தியானம் ஒரு அண்ணை சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டு வந்தார். "சாப்பிடுங்கோ தங்கச்சி, சாப்பிட்டால்தான் கத்தலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அங்கே அவளுக்குச் சோறு கொடுங்கள் என்று கத்திய வாயால் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

தையலைக் காட்டப் போன அன்று அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"பிள்ளை, நான் அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன். எங்கடை வீட்டிலை பட்டினிதான். அம்மா பட்டினி கிடந்துதான் என்னைப் பெத்தவ."

"இட்ஸ் ஓகே அன்ரி" என்றாள். படிவத்தை எடுத்து, பழைய சரியை ஒரு கோட்டால் வெட்டி, மற்றப் பெட்டியில் சரி போட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தங்கையிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், யாரோ ஒருத்தியின் கடதாசியைத் திருத்திவிட்டு பஸ் ஏறினேன்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் நான் வேலைக்குப் போனேன், வந்தேன், போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த மஃபின்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான் பை நிறையக் கொண்டுவந்து, அவை எப்போது தீர்ந்தன என்று தெரியாமல் தின்றேன். அந்த மாதம் நான்கு கிலோ கூடினேன்.

ஒரு ஞாயிறு காலை போன் அடித்தது. சனத்தை முள்வேலி போட்டு அடைத்து வைத்த முகாமில் யாரிடமோ செல்போன் இரவல் வாங்கி அவள்தான் பேசினாள். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

"பிள்ளை பிறந்திட்டுது அக்கா. பொம்பிளைப் பிள்ளை."

"எப்பிடி இருக்கிறா?"

"சின்னன். நல்லாச் சின்னன். ஒரு கையிலை அடங்கும்."

"நீ சாப்பிட்டியோ?"

"ஓமக்கா, சாப்பிட்டாச்சு."

"பொய் சொல்லாதையடி" என்று கத்திவிட்டேன். "அம்மா சொல்லித் தந்ததை எனக்கே சொல்லாதை. உண்மையைச் சொல்லு. இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?"

லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்டும் இல்லை அக்கா. நேற்றும் இல்லை. அங்கை இருக்கேக்கையும் கனநாள் இல்லை. பிள்ளைக்குப் பாலும் வரேல்லை."

பசியைப் பற்றி அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன உண்மை அது. நான்தான் பிடுங்கினேன். பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அந்த முள்வேலிக்குள் ஒரு கோப்பை கஞ்சி அனுப்ப என்னால் முடியாது. அந்தக் கைக்குள் அடங்கும் பிள்ளையின் உடம்பில் என்ன எழுதப்பட்டுவிட்டதோ, அதை ஒரு கோட்டால் வெட்டவும் யாராலும் முடியாது. என் கை தானாகவே பைக்குள் போய் ஒரு உடைந்த மஃபினை எடுத்து வாயில் வைத்தது.

நான் பேசாமல் நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை போல. அக்காவைச் சங்கடப்படுத்திவிட்டோம் என்று நினைத்திருப்பாள். அவள்தான் பேச்சை மாற்றினாள்.

"நீ சாப்பிட்டியோ அக்கா?"

வாயில் இருந்த மஃபினை விழுங்கினேன்.

"ஓம்," என்றேன், "சாப்பிட்டாச்சு."

அது உண்மை.