தோரண ஆணி ஓட்டை

சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் ஒரு வாசனை கிளம்பும். பாதி சாம்பிராணி, பாதி தீய்ந்த வெல்லம். அந்த வாசனை மூக்கில் ஏறியபோதெல்லாம், காளவாசல் பக்கத்திலிருந்த எங்கள் கடைசல் பட்டறையில் உருவாகிற அத்தனை சாமானையும் செய்கிறவன் நான்தான் என்று பன்னிரண்டு வயதில் மனதார நம்பினேன். மரத்தைச் சுழற்றும் தோல் வாரை இழுத்தவன் நான்தானே? வார் இழுக்காவிட்டால் மரம் சுற்றாது, மரம் சுற்றாவிட்டால் கிண்ணம் ஏது? உளி பிடித்த அப்பாவும், ஓரத்தில் பூவேலை செய்த சரோஜா அக்காவும் என் கணக்கில் எனக்கு எடுபிடிகள். இந்த மடத்தனத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா புது மரம் வாங்கமாட்டார். எங்கே பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் மாட்டுவண்டியோடு போய் நிற்பார். கதவு, சன்னல், பரண் பலகை, எது கிடைத்தாலும் எங்கள் பட்டறையில் ‘மரவை’யாகிவிடும், உப்பு, புளி, ஊறுகாய் போட்டு வைக்கிற மரக்கிண்ணத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. வாசல் நிலை வந்தால் மட்டும் எடுத்தவுடன் ரம்பம் போடமாட்டார். எத்தனையோ வருடம் மஞ்சளும் குங்குமமும் வாங்கிய மரம் என்று தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் அறுப்பார்.

திருமங்கலத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து அப்படி ஒரு தேக்கு நிலை வந்தது. அதன் மேல்கட்டையில் கடைந்த கிண்ணம் ஒன்றின் விளிம்பில், சரியாகக் கண்ணில் படுகிற இடத்தில், ஓர் ஓட்டை. மாவிலைத் தோரணம் கட்ட யாரோ அடித்த ஆணியின் ஓட்டை.

“இந்த ஓட்டையோட எவன் வாங்குவான்? அடுப்புல போடு” என்றார் அப்பா.

“அதை எனக்குக் குடுங்கப்பா” என்றாள் அக்கா.

முதலில் விளிம்பு முழுக்க மஞ்சள் அரக்கு ஏற்றினாள். அது ஆறியதும் மேலே சிவப்பு. தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிச் சிவப்பை மட்டும் கீறினாள். கீறிய இடத்தில் அடியிலிருந்த மஞ்சள் எட்டிப்பார்த்தது. ஓட்டையில் பச்சை அரக்கை உருக்கி அடைத்து, அதைச் சுற்றி ஐந்து மாவிலைகள். தோரணம் தொங்கிய ஆணிக்கே தோரணம் கட்டிவிட்டாள்! நான் என்ன செய்தேன்? வார் இழுத்தேன். நடுவில் இரண்டு தடவை, கை வலிக்கிறது என்று அழுதேன்.

அக்கா பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். “பொட்டப்பிள்ள பட்டறையில உக்காந்திருந்தா நாலு பேரு என்ன பேசுவாக?” என்று சொல்லி, ஆள் வராத நேரத்தில் மட்டும் அவளை வேலை செய்ய விடுவார் அப்பா. வேலை இனிக்கும், வேலை செய்த கை வெளியே தெரிந்தால் கசக்கும்! இது என்ன நியாயம்? வாங்க வந்தவர்கள் விளிம்பைத் தடவிப் பார்த்து, “யாருண்ணே பூ போட்டது?” என்று கேட்டால், கொஞ்சமும் கூசாமல், “நம்ம பயதான்” என்பார். அக்கா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அந்தப் ‘பய’ பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

அந்த வருடம் எங்கள் பள்ளியில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். பார்வையிட வருகிற அம்மாள் ஒரு கைத்தொழில் பயிற்சி நிலையத்தை நடத்துகிறவர் என்றும், நல்ல வேலைக்காரர்கள் கண்ணில் பட்டால் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார் என்றும் வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அக்கா அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“டேய் பாண்டி, அந்தம்மா கேட்டா எம்பேரைச் சொல்லு. படிச்சவுக, அவுகளே வீடு தேடி வந்து கூப்பிட்டா அப்பா மறுக்கமாட்டாரு. ஒனக்கு இம்புட்டுத்தான்டா வேலை. வார் இழுக்கிறதவிடச் சுளுவு.”

பள்ளியில் ஓவிய ஆசிரியர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ‘மு. பாண்டி, 7-ஆ’ என்று சீட்டெழுதி அடியில் ஒட்டினார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முன்தினம்தான், அம்மா பின்னிய தலையணை உறையைத் தானே பின்னியதாகக் கொண்டுவந்த ஒரு பையனை மைதானத்தில் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்திருந்தார்கள். ஆகவே நான் அந்தச் சீட்டை மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் எங்கள் கிண்ணத்தின் முன் நின்றுவிட்டார். எடுத்தார், திருப்பினார், மாவிலைகளை விரலால் தடவினார். “இந்த ஓட்டையை எதை வச்சுப்பா அடைச்ச?” என்று கேட்டார். அரக்கு என்ற சொல்லே எனக்கு மறந்துபோயிற்று. “சோத்த வச்சு, மேடம்” என்றேன். சிரித்துவிட்டார். பிறகு, “வீட்டுல வேற யாராவது இந்த வேலை செய்வாங்களா?” என்று கேட்டார். அக்காவின் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள், பிரம்போடு பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர், “கெட்டிக்காரப் பயம்மா இவன்” என்று சொல்லி அவரை அடுத்த மேசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா தெருமுனைக்கே வந்து நின்றிருந்தாள். “சொன்னியாடா?”

“சொல்லத்தான்க்கா வாயெடுத்தேன். எச்செம் விடல.”

அவள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். எனக்கு முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். கிண்ணத்தைப் பள்ளியே வைத்துக்கொண்டது. அடுத்த தையில் அக்காவைத் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய மாமியார் வீட்டில் எல்லாம் எவர்சில்வர்.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக அந்தப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். மேசைமேல் அந்தக் கிண்ணம், நிறையக் குண்டூசி. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஐந்து மாவிலையும் உதிர்ந்துவிட்டன. பச்சை அரக்கு விழுந்து பழைய ஆணி ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அங்கிருந்த குமாஸ்தாப் பையனைப் பிடித்துக் கத்தினேன். “இதுல எம்புட்டு வேலை இருந்துச்சு தெரியுமா? இப்படியா வச்சிருப்பீங்க?”

“வேலையா? இது குண்டூசி டப்பா சார்” என்றான் அவன். பிறகு கவிழ்த்துப் பார்த்தான். அடியில் சீட்டு, ஓரம்கூடக் கிழியாமல். “பாண்டிங்கிறது நீங்களா? உங்க பேருதான சார் போட்டிருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க.”

அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவைத் திட்டினேன், பள்ளிக்கூடத்தைத் திட்டினேன், தலைமையாசிரியரை நாற்பது வருடமாகத் திட்டுகிற அதே வார்த்தைகளில் இன்னொரு முறை திட்டினேன். அவள் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும்டா, மூச்சு வாங்குது ஒனக்கு. நெசத்தச் சொல்லு. அன்னைக்கு எச்செம் பேச விடலையா?”

தலைமையாசிரியர் அன்று அந்த அறையிலேயே இல்லை. மாலை வாங்க ஆளனுப்பிவிட்டு வாசலில் நின்றிருந்தார். அந்த அம்மாள் குனிந்து, என் முகத்துக்கு நேராக, அதே கேள்வியை இரண்டு தடவை கேட்டார்.

“யாரும் இல்ல மேடம். நான் மட்டுந்தான்” என்றேன்.