கத்திரியில் ஒரு கட்டைவிரல்

என் அக்கா வீட்டுக்காரரை அக்கம்பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எண்ணெய்த்துணி" என்றால்தான் தெரியும். தோளில் எப்போதும் ஒரு எண்ணெய்த்துணி கிடக்கும். கல்யாணப் போட்டோவிலும் கிடக்கிறது. போட்டோக்காரர் எடுக்கச் சொன்னதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாராம்.

வீட்டுக்குப் பின்னால் அத்தானின் மரப்பட்டறை. நடுவில் பலகை இழைக்கிற மெஷின். அதன் மேசை வார்ப்பிரும்பு. பெயின்ட் படாத வெற்றிரும்பு. பளபளவென்று இருக்கும், ஆனால் கிட்டே போக முடியாது. ஒருமுறை தெரியாத்தனமாக அதன்மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்துவிட்டு நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. என் கூடப்பிறந்த அக்காவே அவர் பக்கம் நின்றாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

துரு பிடித்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுவார். பிறகு நைசான உப்புத்தாளை ஒரே திசையில் ஓட்டுவார். சுத்தமாகத் துடைத்து, மெழுகு தேய்ப்பார். மேசையில் எண்ணெயை விட்டுவைத்தால் பலகையில் கறை ஏறுமாம். இதையெல்லாம் நாம் சாப்பிட உட்காரும்போதுதான் சொல்லுவார்.

அவர் மகளுக்கு ஒரு தையல்காரரைப் பிடித்துப்போயிற்று. மழை பெய்த ஒரு நாள் அந்தத் தையல்காரர் பெண் கேட்க வந்தார். அத்தான் அவரைப் பட்டறையில் நிற்க வைத்தே பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார்கள். நின்று நின்று கால் வலித்ததோ என்னவோ, தையல்காரர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால், உள்ளங்கையும் ஐந்து விரலும் செக்கச்செவேலென்று துருவாக மேசையில் பதிந்திருந்தன.

"கையா இது? உப்பளம்!" என்று குதித்தார் அத்தான். "இந்தக் கை தாழ்ப்பாளத் தொட்டா தாழ்ப்பாள் போச்சு, ஜன்னலத் தொட்டா கம்பி போச்சு. இது சரிப்பட்டு வராது."

"என்னைத் தொட்டா துருப்பிடிக்காதுப்பா" என்றாள் மகள்.

அக்கா அடுப்படியில் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சில்லை. துருவை எடுத்தாயிற்று, ஆனால் அந்தக் கையின் நிழல் மட்டும் மேசையில் மங்கலாக நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தானுக்கு எரிச்சல். எனக்கோ அவர்மேல் எரிச்சல். வேர்க்கிற கைக்காக ஒரு நல்ல மனுஷனை வேண்டாமென்பார்களா?

"அவன் கடையப் போய்ப் பாரு, எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கும்" என்றார்.

"வாங்க, பாத்துட்டே பேசுவோம்" என்றேன்.

போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே! அத்தான் தன் பேன்ட்டின் தையலைத் தானே பிளேடால் பிரித்து எடுத்துக்கொண்டார். தையல்காரர் அதே நிறத்தில் நூல் தேட உள்ளே போனதும், அத்தான் வேலையை ஆரம்பித்தார். தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஊசி டப்பாவைத் திறந்தார், இஸ்திரிப்பெட்டியைப் புரட்டினார். எங்கும் துரு இல்லை. கடைசியில் பெரிய கத்திரியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்பா?"

வாசலில் மகள் நின்றிருந்தாள். அத்தான் கத்திரியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தேன்.

நூலோடு வந்த தையல்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "என் கை வேர்க்கும் சார். அதனாலதான் கடை சாத்தறப்ப எல்லாத்தையும் துடைச்சு மெழுகு போடுவேன். கையிலயும் சாக்பீஸ் தூள் தடவிக்குவேன். அன்னைக்கு மறந்துட்டேன்."

"ஏன்?"

"பயம் சார்."

"பயந்தா கை வேர்க்குமா? எனக்கெல்லாம் வேர்க்காது" என்று கத்திரியை வைத்துவிட்டு அத்தான் விறுவிறுவென்று நடந்தார். பேன்ட்டை அங்கேயே மறந்துவிட்டார்.

அன்றும் நல்ல மழை. மறுநாள் காலை, துணியில் சுற்றிய அந்தக் கத்திரியை மகள் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். "இதப் பாருங்கப்பா." அலகில் ஒரு கட்டைவிரல் அச்சு, ரேகையோடு, செக்கச்செவேலென்று.

"அவன் விரலாத்தான் இருக்கும்."

"நீங்க வச்சதும் நான் எடுத்துச் சுத்தி வச்சுட்டேன். அவரு தொடவே இல்ல."

அத்தான் தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "கைநாட்டு வச்சுட்டீங்க, இனிமே பேச்சு மாறக் கூடாது" என்றாள்.

அத்தான் கத்திரியை வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெய் தடவினார், ஊறவிட்டார், உப்புத்தாளை எடுத்து ஒரே திசையில் ஓட்டினார். பாதி தேய்த்ததும் தலை நிமிராமல், "சாயங்காலம் அவரை வரச் சொல்லு" என்றார்.

சற்று முன்புவரை 'அவன்', இப்போது 'அவர்'. மகள் துணியை மடித்தபடி கேட்டாள்: "கையில சாக்பீஸ் தூள் தடவிட்டு வரச் சொல்லட்டுமாப்பா?"

"வேண்டாம். நம்மகிட்டதான் மெழுகு இருக்கே."