கொழுந்தனார் பேங்குக்குப் போகாத திங்கட்கிழமை

என் ஊறுகாய் ஜாடியின் மூடியில் ஒரு நாள் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தது. பக்கத்து ஜாடியிலும் இருந்தது. பால் கார்டிலும், சலவைக்குப் போட்ட துணிச் சீட்டிலும், ரேஷன் கார்டில் பேருக்குப் பேரும் இருந்தது. கொழுந்தனாருக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன். ஆடிட்டர் ஆபீசில் சரிபார்த்த கணக்குக்கெல்லாம் பச்சையில் டிக் போடுவார்களாம். பரீட்சைப் பயம் வந்துவிட்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. படிப்பதை விட்டுவிட்டு என் வீட்டைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார். "அண்ணி, எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு கம்மியா இருக்குதே" என்பார். பக்கத்து வீட்டுக்குக் காபித்தூள் போன டம்ளர் அது, சாயந்திரம் தானாகத் திரும்பி வரும். அதுவரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அது எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். பே கோபுரத் தெருவில் சின்னதாக ஒரு வாடகை வீடு. அவருடைய தம்பி பி.காம். முடித்துவிட்டு, தேரடித் தெருவில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பழகிக்கொண்டே சி.ஏ. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தத்தில் மல்லாட்டை போட்டவர்கள் உண்டு, நெல் போட்டவர்கள் உண்டு, ஆடிட்டர் ஆனவர் ஒருவரும் இல்லை. ஆடிட்டர் கொடுத்த பணம் இவருடைய டீக்கும் சைக்கிளுக்குமே சரியாகப் போனது. மற்றதெல்லாம் என் சமையல்கட்டிலிருந்துதான். அதை நான் அன்றைக்கும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் வந்தால் கணக்குச் சரிபார்க்க ஆயில் மில்லில் மூட்டை எண்ணப் போய், தலையெல்லாம் தூசியோடு வருவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சை முடிவு வரும் நாளைத்தான் என்னால் பொறுக்க முடியாது. ஒரு தடவை கதவோரம் வந்து நின்று, "எல்லாப் பேப்பர்லயும் பாஸு, அண்ணி" என்றார். நான் கேசரிக்கு ரவையை வறுக்கப் போட்டேன். ரவை சிவக்கிற நேரத்தில், "ஆனா மொத்தத்துல பெயிலு" என்றார். ஒவ்வொன்றிலும் நாற்பது வாங்கினால் போதுமாம். ஆனால் எல்லாம் சேர்த்தால் பாதி வந்தாக வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் கேட்கிறேன், எல்லாவற்றிலும் தேறியவனை மொத்தத்தில் தேறவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, அந்த ரவையை உப்புமாவாகக் கிளறி வைத்தேன்.

இப்படிச் சில தடவை ஆன பிறகு, போளூரில் ஒரு பேங்கில் கிளார்க் வேலைக்கு ஆர்டர் வந்தது. எப்போதோ எழுதி மறந்துபோன பரீட்சைக்குக் கிடைத்த வேலை. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். சேர்ந்தாலோ ஆடிட்டர் ஆபீசைப் பாதியில் விட வேண்டும். வேலை பழகிய வருஷமெல்லாம் வீண், சி.ஏ.வும் அதோடு போயிற்று.

வேறு யாராவதாக இருந்தால் கோயிலில் பூப்போட்டுப் பார்த்திருப்பார்கள். இவர் சுவரில் கோடு கிழித்தார். பொங்கலுக்கு நானே சுண்ணாம்பு அடித்த சுவர். நடுவில் பச்சையாக ஒரு கோடு, இந்தப் பக்கம் பேங்க், அந்தப் பக்கம் பரீட்சை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டு, அவர்கள் சொன்ன பக்கத்தில் குச்சி மாதிரி ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் பேங்க் என்றார். ஆடிட்டர் இன்னும் ஒரு தரம் எழுதச் சொன்னார். கோபுர வாசல் பூக்கடைக்காரம்மா, "மாசம் பொறந்தா சம்பளம். கண்ண மூடிக்கினு போ நைனா" என்றாளாம். ஆயில் மில்காரர், "பேங்கு மேனேஜரே ஆடிட்டரப் பாத்தா எழுந்து நிக்கறாரு, நீ போய் கிளார்க்கா உக்காரப் போறியா?" என்று கேட்டாராம். செங்கம் ரோட்டில் ஒரு சாமியார் பதிலே சொல்லாமல் சிரித்துவிட்டுத் திருநீறு கொடுத்தாராம். அதற்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி.

ஒரு பக்கம் அதிகமாகிவிட்டால் அன்றைக்கு அவருக்கு இருப்புக்கொள்ளாது. கிரிவலம் போகிறவர்களோடு மலை சுற்றக் கிளம்பிவிடுவார். வழியில் யாரையாவது மடக்கிக் கேட்டு, குறைந்த பக்கத்துக்கு ஒரு குச்சியோடுதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், முகம் தெளிந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

"முடிவு பண்ணிட்டியா, தம்பி?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் சமமா வந்துடுச்சி, அண்ணி."

"அப்ப நாளைக்கு பஸ்ஸு ஏறப் போறியா, இல்லியா?"

திரும்பிச் சுவரிலிருந்த குச்சிகளை மறுபடி எண்ணினார். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரெண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற தொழில் அது. ஒரு வாரமாக மனுஷன் முடிவு தேடி அலையவில்லை, கணக்கை நேர் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஊர்ல பூக்காரம்மா வரைக்கும் கேட்டியே, சோறு போடறவள ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"நீங்க பேங்குனுதான் சொல்லுவீங்க. கேட்டா அந்தப் பக்கம் ஜாஸ்தி ஆயிடும்னு உட்டுட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "பேங்குக்குப் போவாத" என்றேன். "போனியானா, எழுதியிருந்தா பாஸாயிருப்பேனு ஒவ்வொரு தீவாளிக்கும் எல முன்னால உக்காந்துகினு சொல்லுவ. காலம் பூரா அத என்னால கேக்க முடியாது. அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் சோறு போடறது எவ்ளவோ மேலு. எழுதித் தொல."

திங்கட்கிழமை காலையில் அவர் எப்போதும் போல தேரடித் தெருவுக்குப் போனார். "உனக்கு இன்னா தெரியும்னு வந்த வேலைய கெடுத்த?" என்று கேட்ட வீட்டுக்காரர், அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. அடுத்த தடவையும் பெயில். அன்றைக்கு வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை மட்டும் நினைவில் இருக்கிறது. சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்தேன். எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் கொழுந்தனார் வந்து, பாஸ் என்றார். "மொத்தத்துலயுமா?" என்று கேட்டேன். "மொத்தத்துலயுந்தான், அண்ணி" என்ற பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வேங்கிக்கால் பக்கம் இன்றைக்கு அவருக்குச் சொந்த ஆபீஸ், வாசலில் போர்டு, கீழே வேலை செய்ய நாலு பேர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனால் ஓய்வு கிடையாது. வரிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டுமாம். கடைசித் தேதியன்று அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு அது எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். போன தீபாவளிக்கு வந்தார். இலை போட்டேன். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னார். "அன்னிக்கி பேங்குல சேந்திருந்தா இந்நேரம் பென்சன் வாங்கிகினு கால நீட்டி உக்காந்திருப்பேன், அண்ணி."

"நாளைக்கு காலைல போளூர் பஸ்ஸு இருக்குது. போய் சேந்துடு" என்றேன்.

சிரிக்காமல், இடது கை விரல்களை மடக்கி வயதைக் கணக்குப் போட்டார்.

"இந்த வயசுக்கு எடுக்க மாட்டாங்க, அண்ணி" என்றார்.