பக்கத்துப் படுக்கைக்காரியின் கண்

எனக்கு இடது கண் போனது. பக்கத்துப் படுக்கைக்காரிக்குப் போகவில்லை. இருவருக்கும் வந்தது ஒரே நோய்தான். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கட்டுமீறிக் கிடந்த உடம்பில் மூக்கு வழியாகப் புகுந்து, முகத்துச் சதையையும் எலும்பையும் அரிக்கும் பூஞ்சை.

அப்போது நான் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் கடையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வேலை நடுவே கன்னத்தைத் தொட்டால் மரத்திருந்தது. உள்ளே மட்டும் வலி. கணவரிடம் சொன்னேன்.

"பல்லு வலியா இருக்கும்லா. மாத்திரை போட்டுட்டுப் படு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறாம் நாள் இமை தொங்கி, எதிரே நின்றவர் இரண்டாகத் தெரிந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். மூக்குக்குள் கருகிய சதையைப் பார்த்த டாக்டர் அன்றே அறுவைக்கு எழுதினார். இரண்டாம் அறுவையில் கண்ணையும் எடுத்துவிட்டார்கள். விட்டால் மூளைக்குப் போய்விடுமாம்.

பக்கத்துப் படுக்கைக்காரி சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்தவள். கன்னம் மரத்த மறுநாளே, அவள் கணவர் வேலைக்குப் போகாமல் காரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அப்படியும் அவளுடைய மேல் அண்ணத்தில் பாதியை வெட்டினார்கள். பேசினால் காற்றாக வரும். கஞ்சி குடித்தால் மூக்கில் ஒழுகும். அதையெல்லாம் பார்த்தும், அவள் இரண்டு கண்ணாலும் கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

பூஞ்சைக்கான மருந்தை இருவருக்கும் வாரக்கணக்கில் நரம்பில் ஏற்றினார்கள். ஏறும்போது குளிர் தூக்கிப் போடும். அவள் கணவர் அவளுடைய பாதங்களைக் கைக்குள் பொத்திக்கொள்வார். என் கணவர் நாற்காலியில் தூங்குவார். நான் தலைவரை மூடிய போர்வைக்குள்ளிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே நடுங்குவேன்.

ஒரு நாள் அவளுக்குச் சிறுநீரகம் தாங்கவில்லை என்று மருந்தை நிறுத்தினார்கள். அவள் அழுதாள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு மருந்தைத் தொடர்ந்தார்கள். எனக்கு முன்பே வீட்டுக்கும் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து கிளினிக்கில் என் இடப்பக்கம் யாரோ உட்கார்ந்தார்கள். வந்ததே தெரியாமல் திடுக்கிட்டேன். அவள்தான். அண்ணத்தில் தகடு பொருத்தியிருந்ததால் பேச்சு தெளிவாக இருந்தது.

"ஏன்க்கா, வார்டுல எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டீங்க?"

"பொறாமைலா. உன் கண்ணைப் பாத்து. உன் வீட்டுக்காரரைப் பாத்து இன்னும் அதிகமா."



"தெரியும்க்கா. அதான் நீங்க தூங்குனப்புறம் மட்டும் காலைப் புடிங்கன்னு அவருகிட்ட சொல்லியிருந்தேன்."

நான் தூங்கவே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், காரில், நாங்கள் பேசியதை அப்படியே கணவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்," என்றார். அதுவரை ஒரு தடவைகூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் காலை, சர்க்கரை அளவு பார்க்கும் கருவியோடு என் வலப்பக்கமாக வந்து நின்றார். "விரலைக் குடு." பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். விரலை நீட்டினேன்.