பால்வாடியில் ஒற்றைக்கால் பரீட்சை

சின்னக் குழந்தைகளுக்குக் கைகால் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது சுலபமான வேலை. குழந்தைகள் மட்டும் வராமலிருந்தால்.

எழுபதுகளில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பால்வாடியில், ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மாதர் சங்கத்துக்காக அதைச் செய்தேன். கான்வென்டில் படித்தவள், பொறுமைசாலி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முதல் பாதிதான் உண்மை. நாலு வயதுப் பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைக்கப் பார்த்தவர்கள் என் கட்சி.

கொக்குகள்

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். எல்லாம் கட்டம் போட்டு நொண்டியடித்துப் பாண்டி ஆடும் பிள்ளைகள். "போதும், காலை இறக்குங்கள்" என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று. மல்லிகா மட்டும் காலைத் தூக்கிய வேகத்தில் விழுந்தாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு மறுபடி தூக்கினாள். மறுபடி விழுந்தாள். அவள் அம்மா சரோஜா, எஸ்டேட்டில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறவள், கிளம்புமுன் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கொழுப்பும்மா அதுக்கு. ஊட்லயும் சோத்துத் தட்டக் கவுத்துட்டு முழிச்சிகினு நிக்கும். அடிச்சாலும் திருந்தல. இத்த இஸ்கூலுக்கு அனுப்பி இன்னா ஆவப்போது?"

பொத்தான்

டாக்டர் கொடுத்த துணியில் பெரிய பெரிய பொத்தான்கள். ஒரு பிள்ளையாவது போடவேண்டுமே! அத்தனை பேரையும் தேறாதவர்கள் என்று எழுத இருந்தேன். அப்புறம்தான் பார்த்தேன், ஒருவர் சட்டையிலும் பொத்தானே இல்லை, எல்லாம் ஊக்கு. அதைக் கழற்றி மாட்டச் சொன்னதும், பார்க்காமலே மாட்டிவிட்டு நின்றார்கள். எனக்கே அப்படி வராது. மல்லிகாவின் விரல் மட்டும் ஊக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. பால்வாடி ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தாள்:

"பொத்தான் வெச்ச சட்ட பொங்கலுக்குத்தாம்மா வெளிய வரும்."

மணி

கடைசியாக, நூலில் மணி கோப்பது. மற்றவர்கள் முடித்துவிட்டு உப்புமாவுக்கு ஓடிவிட்டார்கள். மல்லிகாவின் நூல் மணிக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று. "போதும், கொடு" என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. உப்புமா வாசனை வந்தும் திரும்பவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக, மறுபடி மறுபடி. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் பெரியவர்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அழைத்துப்போக வந்த சரோஜா குனிந்து உதவப் போனாள். மகள் அவள் கையைத் தள்ளிவிட்டாள். நூல் ஒருவழியாக மணிக்குள் நுழைந்தது. டாக்டரிடம் காட்டவேண்டும், கைக்குப் பயிற்சி கொடுத்தால் பள்ளிக்கூடம் போகலாம் என்றேன். சரோஜா அந்தப் பிஞ்சு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தினி நாளா இது வேணும்னு பண்லியாம்மா?"

அன்று நான் ஆவடியில் இறங்க மறந்து, பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததற்கும், "உடம்புக்கு என்ன?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கும் அந்த ஒரு மணிதான் காரணம்.