வக்கீல் ஜெயித்த வழக்கு

என் வீட்டுக்காரரை அனல்மின் நிலையத்தில் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. நிலக்கரியைக் கிடங்கிலிருந்து பாய்லருக்கு ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிற ஃபிட்டர் அவர். அந்த பெல்ட் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினால்தான் பேச்சு கேட்கும். அங்கே கத்திப் பழகிய தொண்டையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழம்பில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால், என் சமையலின் லட்சணம் நாலு வீடு தள்ளியும் தெரிந்துவிடும்.

வாதாடாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கே, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று என் அப்பாவிடம் வாதாடி ஜெயித்தார். அப்பா முள்ளைத் திருப்பி வைத்தார். அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான், கடிகாரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. "பேச்சுல கெட்டிக்காரன், பொழைச்சுக்குவான்" என்று அப்பா சம்மதம் சொல்லிவிட்டார். ஒரு தடவை டாக்டர் ரத்த அழுத்தம் அதிகம் என்றார். முதலில் உங்கள் மெஷினைச் சரிபாருங்கள் என்று பேசிப் பேசியே, பாவம், அந்த மனிதரை இரண்டாவது மெஷினைக் கொண்டுவர வைத்தார். அதுவும் அதிகம்தான் காட்டியது. "ரெண்டும் ஒரே கம்பெனி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

எனக்கும் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் தம்பி விஷயம் வரும்வரை.

தம்பி அதே நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தான். வாயில்லாப் பூச்சி. மாமா என்றால் அவனுக்கு உயிர். மாமா எந்தக் கடையில் செருப்பு வாங்குகிறாரோ அந்தக் கடையில்தான் அவனும் வாங்குவான், கடித்தாலும் போட்டுக்கொண்டு நடப்பான். அப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம், மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் வந்தான்.

"அக்கா, பகல்ல யூனிட்டை ஒழுங்கா ஓட்டவே விடமாட்டேங்கிறாங்க. வெயில் ஏறினா போதும், லோடைக் குறை, கரண்ட்டைக் கம்மியா உற்பத்தி பண்ணுன்னு போன் வருது. இருட்டினதும் ஏத்துங்கிறாங்க. முன்னெல்லாம் ஏதாவது கெட்டுப்போனாத்தான் குறைப்போம்."

"அதுக்கென்னடா இப்ப?"

"பகலுக்கு சோலார் கரண்ட்டே போதும்னு ஆயிடுச்சு. சாயங்காலத்துக்கும் பேட்டரி வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் நம்மளை எதுக்குக்கா கூப்பிடப் போறாங்க?"

அவன் பயந்ததில் அர்த்தம் இருந்தது. கம்பெனி வேறொரு ஊரில் பெரிய சோலார் நிலையம் கட்டிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ரூம் ஆட்களில் விருப்பப்பட்டவர்கள் அங்கே போகலாம், சம்பளத்தோடு பயிற்சி உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பழைய நிலையத்தை மூடப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மூடமாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை.

தம்பி போவதென்று முடிவு பண்ணிவிட்டான். அவன் மனைவி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருந்தாள். நான் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அவன் கிளம்பட்டும். நீங்க நடுவுல எதுவும் பேசாதீங்க" என்றேன்.

"நான் என்ன பேசப்போறேன்?" என்றார். அவர் அப்படிக் கேட்டால், பேசப்போகிறார் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும் நேரம். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நிற்க இடமில்லை. நான் கடைக்குப் போய்விட்டுப் பையோடு அந்தப் பக்கம் வந்தேன். தம்பி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆசீர்வாதம் கேட்கிறவன் மாதிரி நின்றான். "மாமா, நான் போய்ப் பேர் கொடுத்துட்டு வந்துடறேன்."

"ராத்திரி சூரியன் எங்க போவுது மாப்ள?" என்றார் இவர்.

கடையே திரும்பியது. வக்கீல் வழக்கை எடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன். என் பக்கம் அவர் திரும்பினால்தானே?

"பேட்டரி இருக்கு மாமா."

"பேட்டரியா! என் போன் பேட்டரி மத்தியானம் தாண்டமாட்டேங்குது. நீ ஊரையே பேட்டரியில ஓட்டப்போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியின் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அவன் விடவில்லை.

"போனும் அதுவும் ஒண்ணு இல்ல மாமா. தினம் குறைச்சு ஏத்திக் குறைச்சு ஏத்தி நம்ம பாய்லர் குழாயெல்லாம் வெடிப்பு விடுது. அதை மாத்தக்கூட மேல ஆர்வம் காட்டமாட்டேங்கிறாங்க. எதுக்குன்னு யோசிங்க. நாம இப்ப ஸ்டெப்னி டயர் மாமா. டிக்கியில கிடக்கோம்."

வாழ்க்கையில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசியது அத்தனையும் உண்மை. என் வீட்டுக்காரர் ஒரு வாய் டீ குடித்தார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஸ்டெப்னி இல்லாம எவன்டா வண்டி எடுப்பான்?"

கடை அதிர்ந்தது. டீக்கடைக்காரர் கரண்டியால் பாய்லரைத் தட்டினார். யாரோ விசிலடித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான்.

இவர் அவன் தோளில் கையைப் போட்டார். "தெரியாத ஊர்ல போய்க் கண்ணாடிப் பலகையைத் துடைக்கப் போறியா? புள்ளைங்க படிப்பு இங்க. உன் அக்கா இங்க. நான் சொல்றேன் மாப்ள, மூடமாட்டாங்க." அந்த "நான் சொல்றேன்"தான் அவனைக் கவிழ்த்தது. அவன் பெயர் கொடுக்கப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துடுச்சு. எது நடந்தாலும் உங்களுக்குப் பென்ஷன் வரும். அவன் என்ன பண்ணுவான்?"

"நான் அவன் கையைக் கட்டியா போட்டேன்? பேசினேன், அவ்வளவுதான்."

சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அவன் போயிட்டா நம்ம வீடு வெறிச்சோடிப் போயிடும்டி" என்றார். அந்த ஒரு வார்த்தையை டீக்கடையில் சொல்லியிருக்கலாம். தம்பியும் யோசித்து ஏதாவது முடிவு செய்திருப்பான். ஆனால் அது வாதம் இல்லையே, இவருக்கு அதெல்லாம் சொல்ல வராது.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே ஒரு யூனிட்டை நிறுத்தினார்கள். பிறகு மற்றதையும் நிறுத்தினார்கள். டீக்கடையும் மூடிக்கொண்டது. சோலார் நிலையத்துக்குப் போனவர்கள் அங்கே வேலையில் இருக்கிறார்கள், வீடுகூடக் கட்டிவிட்டார்கள். போகாதவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது வந்த சுவடு தெரியாமல் கரைந்தது. தம்பி மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்குப் போனாள். தம்பி தினமும் காலையில் குளித்துவிட்டு, பூட்டின கேட் பக்கம் போய் வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தான். வேறு வேலை தேடு என்றால், "கூப்பிடுவாங்கக்கா" என்பான்.

என் வீட்டுக்காரர் இளைத்துப்போனார். கேட்டால் சர்க்கரை என்பார். சோலார் நிலையத்துக்குப் போன பையன்களில் ஒருவனுக்கு போன் போட்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் பேட்டரி நிலையத்தில் ஓர் ஆள் தேவை என்று தெரிந்துகொண்டார். அங்கிருந்த அதிகாரி முன்னால் போய் நின்றார். வாதாடவில்லை, தம்பிக்காகக் கெஞ்சினார். கூடப்போன எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குத்தான் போனோம்.

"மாப்ள, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றார் இவர். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"எது மாமா தப்பு?"

"மூடமாட்டாங்கன்னு சொன்னது."

"மூடலையே மாமா. நிறுத்தி வச்சிருக்காங்க. மூடறதுன்னா பாய்லரை இடிக்கணும்ல? இடிச்சாங்களா?"

"பெல்ட்டை எல்லாம் அறுத்து வித்துட்டாங்கடா. நான் ஒட்டின பெல்ட்டு. என் கண்ணால பார்த்தேன்."

"அந்த பெல்ட்டை நீங்களே எத்தனை தடவை திட்டியிருக்கீங்க? புதுசு போடுவாங்க."

"கரி வர்ற தண்டவாளத்துல புல்லு முளைச்சிருச்சு."

"புல்லைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"

தம்பியின் கண் பளபளத்தது. இவர் தலைக்கு மேல் எரிந்த பல்பைக் காட்டினார். "இந்த லைட்டே இப்ப பேட்டரியிலதான்டா எரியுது."

"ஒரு வாரம் மேகம் மூடட்டும். அப்ப யாரைத் தேடி வருவாங்க? வர்ற நேரத்துல கன்ட்ரோல் ரூம் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லைன்னா? எல்லாரும் போயிட்டா யூனிட்டை யார் மாமா ஏத்தறது?"

கடைசி வார்த்தை எப்போதும் என் வீட்டுக்காரருடையதுதான். அன்றைக்கு அது கிடைக்கவில்லை. எதிரே வந்ததெல்லாம் அவர் பேசிய பேச்சு, அவருடைய ராகம்கூட மாறவில்லை.

"பேட்டரி நிலையத்துல உனக்கு வேலை பேசியிருக்கேன். எனக்காகத் திங்கட்கிழமை மட்டும் வந்து பாருடா."

"உங்க வார்த்தையை நம்பித்தானே மாமா இங்கயே இருக்கேன்?"

அவன் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை. வசமாக ஒரு பாயிண்ட் மாட்டிய சந்தோஷத்தில் சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான்.

வாசலில் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணிக்கடையில் நின்று நின்று அவள் கால் வீங்கியிருந்தது. "அண்ணி, அண்ணனை நாளைக்கும் வந்து பேசச் சொல்லுங்க. அவங்க சொன்னா இவரு கேப்பாரு. அன்னிக்குக் கேட்டாருல்ல?"

கோபத்தில் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. தெருவில் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன்.

"பேச என்கிட்ட எதுவும் மிச்சமில்லடி" என்றார். "எல்லாத்தையும் அவன்கிட்ட கொடுத்துட்டேன்."

திங்கட்கிழமை அந்த வேலைக்கு வேறு ஒருவன் போனான்.